கை இல்லாவிட்டாலும் விளையாடலாம்: வெப்கமராவைக் கொண்டு தலையசைவால் கணினியை இயக்குவது எப்படி?

எறிகணைச் சிதறல் ஒன்று கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு வடத்தைத் துண்டித்தால் கைகால்கள் ஓய்ந்துவிடும். ஆனால் தலை அசையும். கண் பார்க்கும், மூளை முன்போலவே இயங்கும். மிதிவெடியிலோ குண்டுவீச்சிலோ ஒரு கையை இழந்தவருக்கு மற்றக் கை மிஞ்சியிருக்கும். 2009 மே மாதத்துடன் யுத்தம் முடிந்தது என்றாலும், இந்த உடல்களோடு வாழ்பவர்களுக்கு ஒவ்வொரு காலையும் அதே கேள்வியோடுதான் விடிகிறது: இன்றைய பொழுதை எப்படிக் கழிப்பது?

பனையில் சீவல் தொழில் செய்யும்போது விழுந்தவர்கள், கிணற்றுக்குள் தவறியவர்கள், வீதி விபத்தில் முள்ளந்தண்டு முறிந்தவர்கள் என்று குடாநாட்டில் யுத்தத்துக்குப் பிறகும் இதே நிலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு வழியைப் பற்றியது இந்தக் கட்டுரை. சாதாரண வெப்கமரா ஒன்றையும் இலவச மென்பொருளையும் கொண்டு, தலையசைவால் கணினியை இயக்கலாம். கணினி விளையாட்டும் ஆடலாம்.

'விளையாட்டுக்கு ஒரு கட்டுரையா?' என்று சிலர் கேட்கக்கூடும். வருடக்கணக்காக மற்றவர் கையால் உண்டு, மற்றவர் கையால் உடுத்து வாழும் ஒருவருக்கு, 'இதை நானே செய்தேன், நானே வென்றேன்' என்று சொல்லக்கூடிய இடம் அரிது. விளையாட்டு அப்படியொரு இடம். அதோடு, விளையாட்டில் பழகிய தலையசைவே நாளை கடிதம் எழுதவும், பாடம் படிக்கவும், வெளிநாட்டில் உள்ள உறவோடு கதைக்கவும் உதவும்.

இரண்டு வகை, இரண்டு தேவை

தலையசைவைப் பின்தொடரும் மென்பொருள்களில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறானதைத் தரவிறக்கிவிட்டு, 'இது வேலை செய்யவில்லை' என்று கைவிடுவதுதான் அதிகம் நடப்பது.

முதலாவது வகை, தலையை மவுஸாக மாற்றுவது. தலையைத் திருப்பினால் திரையிலுள்ள சுட்டி நகரும். ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தினால் 'கிளிக்' ஆகும். இரண்டு கைகளும் இயங்காதவர்களுக்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது வகை, தலையை விளையாட்டுக்குள் இருக்கும் 'கண்ணாக' மாற்றுவது. லொறி ஓட்டும் விளையாட்டில் நீங்கள் தலையை வலப்பக்கம் திருப்பினால், லொறிச் சாரதியும் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார். விமான விளையாட்டில் தலையை நிமிர்த்தினால் வானம் தெரியும். ஒரு கையை இழந்தவர்களுக்குப் பெரும் உதவி இது. இருகையும் உள்ளவர் ஒரு கையால் ஓட்டி, மறுகையால் மவுஸை அசைத்துச் சுற்றுமுற்றும் பார்ப்பார். அந்த மறுகையின் வேலையை இங்கே தலை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியுள்ள ஒரு கை ஓட்டுவதற்கு மட்டும் போதும்.

இந்த இரண்டாவது வகைக்கென்று ட்ராக்ஐஆர் என்ற கருவி கடைகளில் உண்டு. அதன் விலை சுமார் 150 அமெரிக்க டொலர். எங்கள் ஊரில் அந்தப் பணத்துக்கு வேறு எத்தனையோ தேவைகள் இருக்கின்றன. அதே வேலையை ஓரளவு நன்றாகச் செய்யும் இலவச வழிகளையே கீழே தருகிறோம்.

முதலில் கமராவும் வெளிச்சமும்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பாதி வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. அதைத் தீர்மானிப்பது வெளிச்சம்.

யன்னலுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டாம். பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் கமராவுக்குக் கறுப்பாகத் தெரியும். யன்னல் முன்னால் அல்லது பக்கத்தில் இருக்கட்டும். இரவில் மேசை விளக்கை நேரே முகத்தில் அடிக்காமல், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். கண் கூசாது. கண்ணாடி அணிபவருக்குக் கண்ணாடியில் ஒளி பளபளக்காது.

வெளிச்சம் குறைந்தால் வெப்கமரா ஒவ்வொரு படத்தையும் எடுக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். வினாடிக்கு 30 படம் எடுக்க வேண்டியது 15 ஆகக் குறையும். அப்போது நீங்கள் தலையைத் திருப்பிச் சற்று நேரம் கழித்தே திரை அசையும். பலர் கணினி மெதுவானது என்று நினைப்பது உண்மையில் விளக்கின் குறைதான்.

இன்னொரு சிறு விடயம். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சில வெப்கமராக்கள் 60 ஹேர்ட்ஸுக்கு ஏற்றபடி வரும். ரியூப் லைற்றின் கீழ் படத்தில் கோடு கோடாக அலை ஓடினால் இதுவே காரணம். கமரா அமைப்புகளில் மின்சார அலைவெண்ணை 50 என்று மாற்றிவிடுங்கள்.

கமராவைத் திரையின் மேல் நடுவில், கண் உயரத்தில் வைப்பது நல்லது. கட்டிலில் சாய்ந்திருப்பவருக்குக் கமராவையும் அதே சாய்வில் திருப்ப வேண்டும். முகம் கமராவுக்கு நேராகத் தெரிவதே முக்கியம், உடல் நிமிர்ந்திருப்பது அல்ல.

தனியாக வெப்கமரா இல்லையா? மடிக்கணினியில் உள்ளதே போதும். அதுவும் இல்லையென்றால், பழைய அன்ட்ரொயிட் கைப்பேசியில் ட்ரொய்ட்காம் என்ற செயலியை நிறுவி, கேபிள் மூலமோ வைஃபை மூலமோ கணினியோடு இணைத்து வெப்கமராவாகப் பாவிக்கலாம். கேபிளில் தாமதம் குறைவு, கைப்பேசியின் சார்ஜும் இறங்காது.

தலையே மவுஸ்: ஈவியாகாம், கமரா மவுஸ்

இரு கைகளும் இயங்காதவர்களுக்கு ஈவியாகாம் என்ற இலவச மென்பொருளில் தொடங்குவது இலகு. விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். இயக்கியவுடன் முகத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு நீங்கள் சரிசெய்ய வேண்டியவை நான்கு:

1. வேகம். பக்கவாட்டு வேகமும் மேல்கீழ் வேகமும் தனித்தனியே உண்டு. கழுத்தைக் கொஞ்சமே திருப்ப முடிந்தவருக்கு வேகத்தைக் கூட்டுங்கள். தலை நடுக்கம் உள்ளவருக்குக் குறையுங்கள். மேல்கீழாக அசைப்பது பலருக்குக் கடினம் என்பதால் அந்த வேகத்தைச் சற்று அதிகமாக வைப்பது வழக்கம்.

2. மென்மை. சுட்டி நடுங்கினால் இதைக் கூட்டுங்கள். அதிகம் கூட்டினால் சுட்டி இழுபட்டு வரும்.

3. தங்கும் நேரம். சுட்டி ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நின்றால் கிளிக் ஆக வேண்டும் என்பது. தொடக்கத்தில் ஒன்றரை வினாடி வையுங்கள். பழகியபின் ஒரு வினாடிக்கோ அதற்கும் கீழோ கொண்டுவரலாம். முதல் நாளே குறைத்தால் பார்க்கும் இடமெல்லாம் கிளிக் ஆகி எரிச்சல் வரும்.

4. கிளிக் பலகை. இடது கிளிக், வலது கிளிக், இரட்டைக் கிளிக், இழுத்தல் ஆகியவற்றுக்கான பொத்தான்கள் திரையில் தெரியும். வலது கிளிக் வேண்டுமென்றால் முதலில் அந்தப் பொத்தானில் சுட்டியை நிறுத்திவிட்டு, பிறகு வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும்.

கணினி தொடங்கும்போதே ஈவியாகாமும் தானாக இயங்கும்படி அமைத்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போனபின் மின்வெட்டு வந்து கணினி நின்று மீண்டும் தொடங்கினால், 'ஸ்டார்ட்' அழுத்த ஒருவர் வரும்வரை அவர் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மேசைக் கணினியைவிட பற்றரி உள்ள மடிக்கணினியே இவர்களுக்குப் பாதுகாப்பு.

கடவுச்சொல் கேட்கும் திரையிலும், 'இந்த மென்பொருளை அனுமதிக்கவா' என்று விண்டோஸ் கேட்கும் திரையிலும் தலை மவுஸ் பொதுவாக வேலை செய்யாது. தனி ஆளாகப் பாவிப்பவர் என்றால், கடவுச்சொல் இன்றித் திறக்கும்படி அமைப்பதும், புதிய மென்பொருள்களை உதவிக்கு ஆள் இருக்கும்போது நிறுவுவதும் நல்லது.

கமரா மவுஸ் என்பது விண்டோஸுக்கான இன்னொரு இலவச மென்பொருள். அமெரிக்காவின் போஸ்டன் நகரில் பேராசிரியர்கள் ஜேம்ஸ் கிப்ஸ், மார்கிரிட் பெட்கே ஆகியோர் கடுமையான உடல் வலுவிழப்பு உள்ளவர்களுக்காக உருவாக்கியது இது. முழு முகத்தையும் தேடாமல், நீங்கள் காட்டும் ஒரேயொரு புள்ளியை மட்டும் பின்தொடரும். மூக்கின் ஓரம், புருவ நுனி, உதட்டின் மூலை என எதையும் தெரிவு செய்யலாம்.

எங்கள் வாசகர்களில் சிலருக்கு இந்த வேறுபாடு முக்கியம். எரிகாயத் தழும்பு, இழந்த கண், சிதைந்த தாடை உள்ளவர்களின் முகத்தை, முழு முகம் தேடும் மென்பொருள் சிலவேளை அடையாளம் காணாமல் தடுமாறலாம். அது உங்கள் குறை அல்ல, அந்த மென்பொருள் பழக்கப்படுத்தப்பட்ட முகங்களின் குறை. அப்படி நேர்ந்தால் புள்ளியைப் பின்தொடரும் முறைக்கு மாறுங்கள். நெற்றியில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி அதைக் காட்டினால், தோலின் நிறத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும்.

முகபாவத்தால் கிளிக்

ஓரிடத்தில் நிறுத்திக் கிளிக் செய்வது மெதுவானது. வாயைத் திறந்தால் கிளிக், புருவத்தை உயர்த்தினால் வலது கிளிக் என்று அமைக்க முடிந்தால் விளையாட்டு வேகமாகும். கூகுள் 2023 மே மாதம் வெளியிட்ட 'கேம்ஃபேஸ்' என்ற திட்டம் இதைச் செய்கிறது.

அதன் பின்னால் ஒரு கதை உண்டு. லான்ஸ் கார் என்பவர் தசைச்சிதைவு நோயால் கைகால் இயங்காதவர். கணினி விளையாட்டுகளை ஆடி இணையத்தில் நேரலையாகக் காட்டுபவர். அவர் தலையால் இயக்கிய விலையுயர்ந்த கருவி வீட்டில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோனது. விலை குறைந்த வெப்கமராவால் அதே வேலையைச் செய்ய முடியாதா என்ற கேள்வியிலிருந்தே கேம்ஃபேஸ் பிறந்தது. அது முகத்தில் 478 புள்ளிகளைக் கவனித்து, எந்த முகபாவம் எவ்வளவு என்று கணிக்கிறது. மூல நிரல் எவரும் எடுத்துப் பாவிக்கும்படி திறந்துவிடப்பட்டுள்ளது. 2024 மே மாதம் அன்ட்ரொயிட் கைப்பேசிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

கணினியே இல்லாத வீட்டில், அன்ட்ரொயிட் 12 இலிருந்து கைப்பேசியின் அணுகல் வசதிகளிலேயே 'கமரா சுவிட்ச்' என்ற ஒன்று உண்டு. சிரித்தல், வாய் திறத்தல், புருவம் உயர்த்தல், இடம் வலம் மேலே பார்த்தல் ஆகிய ஆறு அசைவுகளால் கைப்பேசியை இயக்கலாம். தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

தலையே கண்: ஓபன்ட்ராக்

ஒரு கையாவது இயங்குபவர்கள் லொறி, விமான விளையாட்டுகளை ஆட ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கலாம். கிட்ஹப் தளத்தில் உள்ள ஓபன்ட்ராக்கின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் தரவிறக்குங்கள். வேறு தளங்களிலிருந்து எடுத்தால் வைரஸும் கூடவே வரலாம்.

திறந்ததும் மூன்று தெரிவுகள் தெரியும்.

உள்ளீடு: 'நியூரல்நெட் ட்ராக்கர்' என்பதைத் தெரியுங்கள். பக்கத்திலுள்ள சுத்தியல் பொத்தானை அழுத்தி உங்கள் கமராவைக் காட்டுங்கள். முகத்தில் எதையும் ஒட்டாமல், வெறும் முகத்தையே இது பின்தொடரும்.

வெளியீடு: 'ஃப்ரீட்ராக் 2.0 என்ஹான்ஸ்ட்'. இதன் அமைப்பில் ஃப்ரீட்ராக், ட்ராக்ஐஆர் இரண்டையும் பாவிக்கும்படி விடுங்கள். ட்ராக்ஐஆர் கருவியை ஏற்கும் விளையாட்டுகள் உங்கள் வெப்கமராவையும் ஏற்றுக்கொள்ளும்.

வடிகட்டி: 'அக்செலா'. தலையின் சிறு நடுக்கத்தை இது வடித்துவிடும்.

'ஸ்டார்ட்' அழுத்தினால், திரையில் ஒரு ஒக்டோபஸ் பொம்மை உங்கள் தலையோடு சேர்ந்து திரும்பும். அது ஒழுங்காகத் திரும்பினால் பாதி வேலை முடிந்தது. ஓபன்ட்ராக்கை முதலில் இயக்கிவிட்டு, பிறகு விளையாட்டைத் திறவுங்கள்.

தலை ஆறு விதமாக அசைகிறது: இடம் வலம் திரும்பல், மேல்கீழ் நிமிர்தல், தோள் பக்கம் சாய்தல், பக்கவாட்டு நகர்வு, உயர்தல், கமராவை நெருங்குதல். ஆறையும் ஒரே நாளில் பாவிக்க முயல வேண்டாம். முதலில் இடம் வலத்தையும் மேல்கீழையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் நிறுத்திவிடுங்கள். தலைச்சுற்றல் குறையும்.

அடுத்தது 'மேப்பிங்' என்ற வளைகோடு. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். நிஜத்தில் பின்னால் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்புவோம். விளையாட்டில் அப்படித் திருப்பினால் திரையே தெரியாது. எனவே நீங்கள் 30 பாகை திருப்பினால் விளையாட்டுக்குள் 120 பாகை திரும்பும்படி வளைகோட்டை உயர்த்த வேண்டும். அதேநேரம் நடுவில் கோடு தட்டையாக இருக்கட்டும். நேரே பார்க்கும்போது மூச்சு விட்டாலும் இருமினாலும் காட்சி அசையாமல் இருக்க அது உதவும். கழுத்தைச் சில பாகைகளே திருப்ப முடிந்தவருக்கு வளைகோட்டை இன்னும் செங்குத்தாக உயர்த்தலாம்.

'சென்டர்' என்ற கட்டளைக்கு, உங்கள் விரல் இலகுவாகத் தொடும் ஒரு விசையை ஒதுக்குங்கள். கதிரையில் சற்றுச் சரிந்தாலும் 'நேரே' என்பது மாறிவிடும். அந்த விசையை அழுத்தினால், அப்போது நீங்கள் இருக்கும் நிலையே புதிய 'நேரே' ஆகும்.

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2, மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் போன்றவை இதை நேரடியாக ஏற்கும். பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஃபிளைட்கியர் என்ற முற்றிலும் இலவசமான விமான விளையாட்டு உண்டு. ஓபன்ட்ராக்கின் வெளியீட்டுப் பட்டியலிலேயே அதன் பெயரும் இருக்கிறது.

உங்கள் கணினி மிகப் பழையது, முகத்தைப் பின்தொடரும்போதே திணறுகிறது என்றால், உள்ளீட்டில் 'அருகோ' என்ற காகித அடையாள முறையைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியொன்றைக் காகிதத்தில் அச்சடித்து, மட்டையில் ஒட்டி, தொப்பியில் பொருத்த வேண்டும். முகத்தைத் தேடுவதைவிடக் குறியைத் தேடுவது கணினிக்கு இலகு. தழும்புள்ள முகத்துக்கும் இது பொருந்தும்.

எந்த விளையாட்டில் தொடங்குவது?

தலை மவுஸ் பாவிப்பவர்கள் வேகம் தேவையில்லாத விளையாட்டில் தொடங்குவதே புத்தி. சதுரங்கம் மிகப் பொருத்தம். லீசெஸ் என்ற இலவசத் தளத்தில் காயை இழுக்கத் தேவையில்லை. காயில் ஒரு கிளிக், போக வேண்டிய கட்டத்தில் ஒரு கிளிக். ஒரு நகர்வுக்கு ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும் ஆட்டங்களும் உண்டு. எதிரே ஆடுபவர் கனடாவில் இருக்கும் மச்சானாகவும் இருக்கலாம், முன்பின் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம். நீங்கள் கையால் ஆடுகிறீர்களா தலையால் ஆடுகிறீர்களா என்பது அவருக்குத் தெரியாது. சீட்டுக்கட்டு விளையாட்டுகளும், முறை வைத்து ஆடும் உத்தி விளையாட்டுகளும் அடுத்த படி.

சுடும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு சொல். எறிகணை விழும் ஓசையும் ஹெலியின் இரைச்சலும் சிலருக்கு வெறும் விளையாட்டுச் சத்தம் அல்ல. இரவில் தூக்கம் கலைந்தால், நெஞ்சு படபடத்தால் அதை விட்டுவிடுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் அந்தச் சத்தம் பாதிக்குமா என்றும் பாருங்கள். தலையில் காயமடைந்து வலிப்பு வந்தவர்கள், ஒளி பளிச்சிடும் விளையாட்டுகளை வைத்தியரிடம் கேட்காமல் ஆட வேண்டாம்.

உடல் முதலில்

கழுத்தில் உலோகச் சிதறல் இருப்பவர்களும், கழுத்தெலும்பில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் தொடங்குவதற்கு முன் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கழுத்தை எவ்வளவு அசைக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். கழுத்து வலித்தால் நிறுத்தி, வேகத்தைக் கூட்டி அசைவைக் குறையுங்கள்.

உணர்ச்சியற்ற உடலுக்கு இன்னோர் ஆபத்து, விளையாட்டின் சுவாரசியத்தில் நேரம் போவது தெரியாமல் ஒரே இருப்பில் இருப்பது. படுக்கைப்புண் வலிக்காமலே வரும். அரைமணிக்கு ஒருமுறையாவது உடற்பாரத்தை மாற்ற வேண்டும். கைப்பேசியில் அலாரம் வையுங்கள். வெற்றி தோல்வி எதுவானாலும் அலாரம் அடித்தால் ஆட்டம் நிற்க வேண்டும் என்று வீட்டில் ஒரு விதி இருக்கட்டும்.

விளையாட்டுக்கு அப்பால்

தலை மவுஸ் பழகியபின் எழுதுவது அடுத்த படி. விண்டோஸின் திரை விசைப்பலகையில், விசையின் மேல் சுட்டியை நிறுத்தினாலே எழுத்து விழும்படி ஒரு தெரிவு உண்டு. கணினியில் தமிழைச் சேர்த்தால் அதே பலகையில் தமிழ் எழுத்துகள் தெரியும். நீண்டதாக எழுத, கூகுள் டொக்ஸில் குரல்வழித் தட்டச்சு உண்டு. அதில் 'தமிழ் (இலங்கை)' என்றே ஒரு தெரிவு இருக்கிறது. பேச்சை எழுத்தாக்கிவிட்டு, பிழைகளைத் தலை மவுஸால் திருத்தலாம்.

கமரா எந்நேரமும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் மக்களில் பலருக்குச் சங்கடம் தரும். அந்தச் சங்கடத்துக்குக் காரணமும் உண்டு. ஈவியாகாம், ஓபன்ட்ராக் ஆகியவை இணையமே இல்லாமல் இயங்குபவை. படத்தை உங்கள் கணினிக்குள்ளேயே கணித்துவிடுகின்றன, எங்கும் அனுப்புவதில்லை. ஐயமிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு இயக்கிப் பாருங்கள். முடிந்ததும் கமராவின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள்.

1987 முதல் செயற்கைக் கால்கள் செய்து கொடுத்துவரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தமக்காகத் தாமே நடத்தும் வன்னியின் உயிரிழை போன்ற இடங்களுக்குப் போய்வரும் உறவுகள், இந்த விடயத்தை அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கலாம். ஒருவர் வீட்டில் சரியாக அமைந்த வேகம், தங்கும் நேரம், கமரா வைத்த உயரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்தால் அடுத்தவருக்கு அரைநாள் வேலை மிச்சம்.

கடைசியாக, இதை அமைத்துக் கொடுக்கப்போகும் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு வேண்டுகோள். கேபிளைப் பொருத்துங்கள், விளக்கைத் திருப்புங்கள், மென்பொருளை நிறுவுங்கள். சுட்டி முதன்முறை அசைந்தபின் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பிழையான இடத்தில் கிளிக் ஆகும், ஆட்டம் தோற்கும், அவர் சலித்துக்கொள்வார். பொறுத்திருங்கள். எந்த விளையாட்டை ஆடுவது என்பதை அவரே தெரிவு செய்யட்டும்.